அலங்காநல்லூரில் ஒரு ரோமானிய விருந்து

டாக்டர் முத்திருளனுக்கு லத்தீன் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் படித்தவர்களில் பாதிப் பேர் அவருக்கு லத்தீன் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு லத்தீன் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்குத் தெரிந்தவை பதினோரு லத்தீன் வாக்கியங்கள். எண்ணிப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் நான்கைச் சொல்வார், கருத்தரங்குகளில் ஏழு. அந்த ஏழிலும் இரண்டைத் தப்பாகத்தான் சொல்வார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

அவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். அலங்காநல்லூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நஞ்சை வைத்திருக்கும் குடும்பம். நான் அவரிடம் ஆய்வு செய்தவள். என் பெயர் தங்கப்பொண்ணு, ஊர் திருவாதவூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். மதுரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தேன். அங்கே பாட்டு வகுப்புக்குப் போகிறவர்களுக்கு லத்தீனும் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் பாட்டு வரவில்லை, லத்தீன் வந்தது. மூன்று வருடத்தில் அகராதியை வைத்துக்கொண்டு எதையும் படித்துவிடுவேன் என்ற நிலைக்கு வந்தேன். அதனால்தான் சார் என்னைச் சேர்த்துக்கொண்டார். வேறு எதனாலும் சேர்த்திருக்க மாட்டார்.

என் ஆய்வு, பழைய ரோமானிய நாடகங்களில் அடிமைகள் பேசும் பேச்சைப் பற்றியது. அந்த நாடகங்களில் எஜமானன் மண்டு, அடிமை கெட்டிக்காரன். அடிமை வாயைத் திறந்தால் கொட்டகையே சிரிக்கும். ஆனால் சிரிப்பு அடங்கும் இடத்திலெல்லாம் சவுக்கு என்ற சொல் வந்துவிடும். அடிமையே தன் முதுகைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவான். அதை எழுதியவர்களும் ரசித்தவர்களும் வீட்டுக்குப் போனால், அங்கே அடிமை ஆடுமாடு, கலப்பையோடு சேர்த்து எழுதப்பட்ட ஒரு சொத்து. இதைப் படித்துவிட்டு ரோமாபுரியின் நாகரிகம் என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சார் வாரம் ஒருமுறை உருகுவார்.

ரோமில் இன்னொரு வழக்கமும் இருந்தது. விடிந்தும் விடியாமலும் காரியம் ஆகவேண்டியவர்கள் எல்லாம் பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அவர் எழுந்து வந்து முகம் காட்டுவார். யாரைப் பார்த்துச் சிரித்தார், யாரைப் பார்க்காமல் விட்டார் என்பதுதான் அவர்களுக்கு அன்றைய செய்தி. இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்கு நூலகத்துக்குப் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. காளவாசலில் சார் வீட்டு முன்னால் தினமும் காலை ஆறரைக்கு ஆய்வு மாணவர்கள் ஐந்து பேர் நிற்போம். தவசி பால் வாங்கி வருவான். பேயாண்டி சாரின் ஸ்கூட்டரைத் துடைப்பான். நான் அவருக்கு வந்த விடைத்தாள்களைத் திருத்துவேன், என் கையெழுத்து அவர் கையெழுத்து மாதிரியே இருந்ததால். முடிந்ததும் மற்ற நால்வரும் உள்ளே போய்க் காபி குடிப்பார்கள். எனக்கு மட்டும் காபி வாசலுக்கு வரும், கண்ணாடி டம்ளரில். நான்கரை வருடம் அதைக் குடித்தேன். குடித்தேன் என்று சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆய்வேட்டை எழுதி முடித்து, தட்டச்சு செய்து, மூன்று பிரதிகளைப் பைண்டு செய்து வைத்திருந்தேன். நெறியாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. என் பதிவு 1981 டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதி ஆகும். அதற்குள் கையெழுத்தாகி அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் ஐந்து வருடமும் குப்பைக்குத்தான். விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்த கல்லூரியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நவம்பரிலிருந்து பிரதிகளைத் தூக்கிக்கொண்டு காளவாசலுக்கும் பல்கலைக்கழகத்துக்குமாக அலைந்தேன். பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்றார். அவர் பார்க்கவில்லை. அவர் வேறொன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

ஹாலந்திலிருந்து பேராசிரியர் பாக்கர் என்று ஒருவர் வந்திருந்தார். ரோமானியச் சமூகத்தைப் பற்றி நிறைய எழுதியவர். நல்ல மனிதர், எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்பட்டு உடனே கேமராவை எடுப்பார். அவரை அசத்த வேண்டும் என்று சாருக்கு வெறி பிடித்துவிட்டது. அப்போதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் படித்தது அந்த ஒரு அத்தியாயம்தான்.

அதில் சாட்டர்நாலியா என்ற பண்டிகையைப் பற்றி எழுதியிருந்தேன். ரோமில் டிசம்பர் மாதம் நடப்பது. அந்த நாட்களில் மட்டும் எஜமானன் அடிமைக்குச் சோறு பரிமாறுவான். அடிமை மனதில் பட்டதைப் பேசலாம், எஜமானனை ஏவலாம். விடுதலை பெற்ற அடிமை போடுகிற கம்பளிக் குல்லாயை எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். பண்டிகை முடிந்ததும் பழையபடி சவுக்கு வந்துவிடும் என்றும் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்துக்குச் சார் வரவில்லை போலிருக்கிறது. அலங்காநல்லூர்த் தோட்டத்தில் தன் பண்ணையாட்களுக்கு ஒரு சாட்டர்நாலியா நடத்தப்போவதாக அறிவித்தார். டிசம்பர் இருபது, ஞாயிற்றுக்கிழமை. விருந்து முடிந்ததும் பாக்கர் முன்னிலையில் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவாராம். அடிமைக்கு விடுதலை கொடுப்பது போல இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். தவசியும் பேயாண்டியும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

குல்லாய் தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காளவாசலில் ஒரு டெய்லரிடம் சிவப்புத் துணியில் பதின்மூன்று குல்லாய் சொன்னேன். பிறந்தநாளா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ரோமாபுரியை அவருக்கு எங்கிருந்து விளக்குவது?

அன்றைக்கு மார்கழி வெயில் இதமாகத்தான் இருந்தது. பம்புசெட்டுக்குப் பக்கத்தில் களத்தைச் சாணி தெளித்துப் பெருக்கி, வரிசையாக வாழையிலை போட்டிருந்தார்கள். பண்ணையில் வேலை செய்கிற பன்னிரண்டு பேர் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, சிவப்புக் குல்லாயோடு நின்றார்கள். அவர்களில் மூத்தவர் சின்னான். அவர் மனைவி ஒச்சாயி கொண்டைக்கு மேல் குல்லாய் நிற்காமல் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்கு இதெல்லாம் என்று யாரும் கேட்கவில்லை. ஐயா சொன்னார், வந்தார்கள். சார் ஒரு வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றி ஊக்கு குத்தியிருந்தார். தன்னை ரோமானியன் என்று நினைத்துக்கொண்டார். பார்க்க முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் போல இருந்தார்.

நான் பரிமாறப் போனேன். தவசியும் பேயாண்டியும் ஏற்கனவே சோற்றுக் கூடையோடு நின்றிருந்தார்கள். சார் என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

“நீ அந்த வரிசையில உக்காரும்மா. ஒனக்கு அது இயல்பா வரும்.”

பதின்மூன்றாவது குல்லாய் யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அளவு கொடுத்ததும் நான், பை நிறையச் சுமந்து வந்ததும் நான். நான்கரை வருடமாக அவருக்கு லத்தீன் மொழிபெயர்த்துக் கொடுத்தவள் நான், அவர் பெயரில் வந்த இரண்டு கட்டுரைகளை எழுதியவள் நான். அடிமை என்று ஆள் பிடிக்க வேண்டி வந்தபோது ஆய்வு மாணவர் ஐந்து பேரில் அவர் கண்ணில் பட்டதும் நான்தான். உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் பைண்டு செய்த மூன்று பிரதிகளும் பம்புசெட் அறை மேசை மேல் இருந்தன. போய் ஒச்சாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நீயும் இங்கதானா தாயி என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

வெள்ளைச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, அவித்த முட்டை. சார் தன் கையாலேயே ஒவ்வொரு இலையிலும் கறி வைத்தார். பாக்கர் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். சார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ரோமில் சோறு பரிமாறுவது அடிமை வேலை. அதனால் எஜமானன் பரிமாறினால் அது தலைகீழ். நம் ஊரில் கோயில் அன்னதானத்தில் முதல் கரண்டியைப் பிடிப்பவர் யார்? கல்யாணப் பந்தியில் இலை இலையாக விசாரித்துப் போகிறவர் யார்? பரிமாறுகிறவர் இங்கே பெரியவர், உட்கார்ந்து தின்கிறவன் கைநீட்டி வாங்கினவன். சார் எதையும் தலைகீழாக்கவில்லை. வருடம் முழுதும் இருந்த இடத்திலேயே, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

இன்றைக்கு நீங்கள்தான் எஜமானர்கள், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், நான் செய்தாக வேண்டும் என்று சார் உரக்கச் சொன்னார். பாக்கருக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. சார் விடவில்லை, ஏதாவது கேளுங்கள் என்று கெஞ்சினார். ஐயாவும் உட்கார்ந்து சாப்பிடலாமே என்றார் சின்னான். அதெல்லாம் ஓர் ஏவலா என்று சார் சிரித்தார். அப்போது ஒச்சாயி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“ஐயா, அந்தத் தொட்டித் தண்ணிய நாங்களே மோந்து குடிக்க விடுங்க. யாராச்சும் வந்து ஊத்துவாகளான்னு எம்புட்டு நேரந்தான் வெயில்ல நிக்கிறது?”

பம்புசெட் தண்ணீர் விழுகிற சிமெண்டுத் தொட்டியைத்தான் சொன்னார். வேலையாட்கள் அதைத் தொடக்கூடாது. அது அந்தத் தோட்டத்துச் சட்டம். சாருடைய சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண் மட்டும் மாறியது. அது அப்பா காலத்து ஏற்பாடு, அம்மா மனசு கஷ்டப்படும், இன்றைக்கு விளையாட்டாக ஏதாவது கேளுங்கள் என்றார். பாக்கர் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார். இன்னும் கொஞ்சம் கறி கேட்கிறார்கள் என்று சார் ஆங்கிலத்தில் சொல்லி, ஒச்சாயி இலையில் ஒரு துண்டு கறியை வைத்தார். ஒச்சாயி அந்தத் துண்டைக் கடைசிவரை தொடவில்லை.

சாப்பாடு முடிந்தது. பன்னிரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழப் பார்த்தார்கள். பண்ணையார் வீட்டில் தின்றால் எச்சில் இலையைத் தின்றவரே எடுத்துப் போட வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது, எங்கள் ஊரிலும் அதுதான். என் அப்பா எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். என் கையும் பழக்கத்தில் இலை ஓரத்துக்குப் போய்விட்டது. எடுத்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவினால் பத்தே நிமிடத்தில் கையெழுத்து. ஐந்து வருடம் பொறுத்தவளுக்குப் பத்து நிமிடம் என்ன என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது சார் பாக்கரிடம் சொன்னது காதில் விழுந்தது. பாருங்கள், இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தாங்களே சுத்தம் செய்துவிடுவார்கள், இந்த எளிய மக்களுக்குச் சுத்தம் ரத்தத்திலேயே இருக்கிறது என்றார். பாக்கர் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒச்சாயியின் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தேன். சுருட்டிய என் இலையை மறுபடியும் விரித்து வைத்தேன்.

“என் எலைய நீங்க எடுங்க சார். நம்ம ஊர்ல பரிமாறுறவரு பெரியவரு, எச்சில எடுக்கிறவுகதான் வேலைக்காரவுக. இன்னைக்கு வேலைக்காரரு நீங்கதான?”

தவசி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சின்னான் தலையைக் குனிந்துகொண்டார். சார் என்னைப் பார்த்த பார்வையில் என் ஆய்வேடு, வேலை, எல்லாம் போய்விட்டது என்று முடிவுகட்டினேன்.

என்னைக் காப்பாற்றியது பாக்கரின் ஆர்வம். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். சார் மாற்றிச் சொல்வதற்குள் நானே ஆங்கிலத்தில் சொன்னேன். பாக்கர் குதித்தே விட்டார். இதுதான், இதுதான் சரியான சாட்டர்நாலியா என்று கைதட்டிவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு என் இலைக்கு முன்னால் மண்டியிட்டார். சார் பின்வாங்க வழியில்லை. முதுகுக்குப் பின்னால் அவருடைய மாணவர்கள், முன்னால் கேமரா. குனிந்தார். இரண்டு விரல் நுனியில் இலையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். குழம்பு சொட்டியது. உடம்பிலிருந்து கையை எட்டத் தள்ளி வைத்துக்கொண்டே முப்பது அடி நடந்து எருக்குழியில் எறிந்தார்.

அங்கிருந்து திரும்பி எங்களிடம் வரவில்லை. நேராகப் பம்புசெட்டுக்குப் போனார். தோளில் சுற்றிய வேட்டியோடு, சட்டைப்பையில் இருந்த பேனாவோடு அந்தத் தொட்டிக்குள் இறங்கி முங்கினார். ஒரு முறை இல்லை, மூன்று முறை. அவர் மனைவி மாயக்காள் அறைக்குள்ளிருந்து துண்டோடு வந்தார். அந்த அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. எதற்காகக் குளிக்கிறார் என்று கேட்காமலே தெரிந்த ஆள் அவர்.

ஒச்சாயி அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்பு அவர் கேட்டது ஒரு செம்புத் தண்ணீர்.

பாக்கர் குளியலையும் படம் எடுத்தார். என்னிடம் வந்து, இதுவும் சடங்கின் பகுதியா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். எனக்குத் தெரிந்த நூல்களில் இல்லை, வேண்டுமானால் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கையெழுத்தை நினைவுபடுத்தியதும் அவர்தான். தலையைச் சரியாகத் துவட்டாமலே சார் மேசையில் உட்கார்ந்தார். அவருடைய பேனா தண்ணீரில் ஊறிப்போயிருந்ததால் பாக்கர் தன் பேனாவைக் கொடுத்தார். மூன்று பிரதியிலும் கையெழுத்து விழுந்தது. மூன்றாவது பிரதியில் அவர் முடியிலிருந்து சொட்டிய நீர் மையைக் கரைத்துவிட்டது. பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு பாக்கருக்காகச் சார் வாடகைக்குப் பிடித்திருந்த காருக்குக் காத்திருக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் குல்லாய் தலையிலேயே இருப்பது தெரிந்தது.

மறுநாளிலிருந்து நான் காளவாசலுக்குப் போகவில்லை. சார் அடுத்த கோடையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அந்த விருந்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மதுரை மண்ணில் ரோமின் மனிதநேயத்தை மீட்டதாகவும், தான் எச்சில் இலை எடுத்ததைக் கண்டு பண்ணையாட்கள் கண்ணீர் விட்டதாகவும் எழுதியிருந்தார். குளித்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதற்கு முன்பே, என் ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர்கள் பட்டியலில் பாக்கர் பெயரை முதலாவதாகக் கொடுத்திருந்தவரும் அவரேதான். நண்பர் என்ற பெருமை. வெளிநாட்டுக்காரர் தன் பக்கம் என்ற நம்பிக்கை.

வாய்மொழித் தேர்வு 1983 பிப்ரவரியில் நடந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. வெளிநாட்டுத் தேர்வாளர் நேரில் வரமாட்டார், அறிக்கையோடு கேள்விகளை எழுதி உறையில் அனுப்புவார். உறையைச் சபையில் பிரித்து, கேள்விகளை உரக்கப் படிக்க வேண்டியவர் நெறியாளர். அறை நிரம்பியிருந்தது. திருச்சியிலிருந்து வந்த தேர்வாளர் சீனியம்மாள் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் தவசியும் பேயாண்டியும் இருந்தார்கள். என் அப்பா கதவோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பட்டம் இந்த அறையில்தான் முடிவாகும், அதை எழுதித் தரப்போகிறவரும் அதே முத்திருளன்தான். உறையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் மூன்று கேள்விகள் நாடகங்களைப் பற்றியவை. சொன்னேன். நான்காவது கேள்வியைப் பாதி படித்தவர் நின்றுவிட்டார். தாளை உயர்த்திப் பார்த்தார், தாழ்த்திப் பார்த்தார். கையெழுத்து விளங்கவில்லை என்று முணுமுணுத்தார். சீனியம்மாள் எட்டிப் பார்த்து, தட்டச்சுதானே, நன்றாகத்தானே இருக்கிறது, படியுங்கள் என்றார். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. சார் படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“1981-இல் அலங்காநல்லூரில் நான் பார்த்த சாட்டர்நாலியாவில், அடிமையின் இலையை எடுத்த எஜமானர் உடனே உடுத்திய துணியோடு மூன்று முறை நீரில் மூழ்கினார். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இந்தக் குளியலுக்கு ரோமானிய நூல்களில் ஆதாரம் உண்டா? ஆய்வாளர் விளக்குக.”

படங்கள் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரைக்கும் போயின. யாரும் சிரிக்கவில்லை. யாருடைய தொட்டி, எதற்காகக் குளித்தார் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சார் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மேல் ஒரு நொடிகூட எனக்கு இரக்கம் வரவில்லை.

“தேடிப் பார்த்தேன் சார்,” என்றேன். “ரோமில் அதற்கு ஆதாரம் இல்லை. அங்கே எஜமானர்கள் பரிமாறி முடித்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.”

ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு கட்டம் இருந்தது. பதில் திருப்தியாக இருந்ததா இல்லையா என்று நெறியாளர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சீனியம்மாள் நல்ல பதில் என்று சொல்லிவிட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். டாக்டர் முத்திருளன் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு ‘திருப்தி’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.